அடுப்பை அணைத்தவள்

கடலோர ஊரான எத்தாளையில் சுல்பாவின் வெங்காயத் தோட்டத்துக்கு வெளியாட்கள் வரத் தொடங்கியது, கிணற்றை ஆழமாக்கும்போது உடைந்த சாடிகள் கிடைத்த பிறகுதான். ரோமானியச் சாடிகள் என்றாள், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டிலுக்ஷி. இரண்டாயிரம் வருடத்துக்கு முன், பருவக்காற்றுத் திரும்பும்வரை கரையிறங்கிய கப்பல்காரர் சிலர் இங்கேயே குடியிருந்திருக்கலாமாம்.

சுல்பா அதில் பெரிதாக மனம் வைக்கவில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அகதி முகாமில்தான் கலியாணம். ஊரார் தோட்டங்களில் களை பிடுங்கிப் பிடுங்கி, கணவன் ஸலாஹுதீனோடு இந்தக் கால் ஏக்கரை வாங்கினாள். கிணற்றடி மூலையில் மட்டும் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வெங்காயத் தாள் கருகியது. மாரியிலும் அங்கே வெறுங்காலோடு நிற்க முடியாது.

அந்த மூலையைத்தான் டிலுக்ஷி வெட்டினாள். இடுப்பளவு ஆழத்தில் செங்கல் அடுப்பு, நிறையச் சாம்பல், மேலே ஒரு சட்டி. சாம்பலில் விரல் வைத்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"சுடுது," என்றாள்.

"வெயிலுக்கா இருக்கும்," என்றார் ஸலாஹுதீன்.

"காலையிலிருந்து மழை மூட்டம்தானே."

அவரும் குனிந்து தொட்டுப் பார்த்தார். குழியிலிருந்து அடிப்பிடித்த சோற்று வாசம் எழுந்தது.

சுல்பாவுக்கு அந்த வாசம் தெரியும். "எங்களையும் ரெண்டு மணித்தியாலத்துல போகச் சொன்னாங்க மகள். சோறு அடுப்புல. இறக்கி வைக்கவும் இல்ல, நெருப்ப அணைக்கவும் இல்ல." முப்பது வருடங்களுக்கு மேலாக அவள் அதைக் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

கிணற்றில் ஒரு வாளி அள்ளினாள்.

"ஊத்தாதீங்க அக்கா, எல்லாம் பழுதாப் போயிடும்."

"போனவங்க திரும்ப வரமாட்டாங்க. ஆராவது அணைக்கத்தானே வேணும்."

ஊற்றினாள். சீறல் அடங்கியதும், வெகுநேரம் அடக்கிவைத்த மூச்சை யாரோ விட்டதுபோல் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூவரும் கேட்டார்கள்.

மறுநாள் காலை ஈரச் சாம்பலில் ஒரு கை பதிந்திருந்தது. சூடு ஆறிவிட்டதா என்று பார்த்ததுபோல் விரல்கள் விரிந்திருந்தன. டிலுக்ஷி தன் கையை மேலே பிடித்துப் பார்த்தாள், அந்தப் பதிவைவிட அவள் கை சிறிதாக இருந்தது. ஸலாஹுதீனின் கையும் சிறிதுதான்.

"இத என்னெண்டு எழுதுறது?" என்று டிலுக்ஷி மெல்லக் கேட்டாள்.

"எழுதாதீங்க," என்ற சுல்பா, மண்வெட்டியை எடுத்து மணலைத் தள்ளத் தொடங்கினாள். அந்தக் கையின் மேல் மணல் விழுமுன், இறைவனின் பேரால் என்று பிஸ்மி சொன்னாள்.