பதிவு செய்த வாடிக்கையாளர்

மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில், பஸ் திரும்பும் முனைக்கு எதிரே தௌபீக்கின் செல்போன் கடை இருக்கிறது. சேலத்தில் ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டு மலையேறி வந்தவர். இங்கே போன் வாங்க வருகிறவர்கள் கம்பெனி பெயரைக் கேட்பதில்லை. "பாய், இது தாங்குமுங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவர் "தாங்குமுங்க" என்றால் வியாபாரம் முடிந்தது. போனின் முதுகில் தன் நம்பர் அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்றையும் ஒட்டிக் கொடுப்பார்.

வாரண்டிக்குப் பதிவு செய்ய ஈமெயில் வேண்டும். மாரமங்கலம் மாதிரி மலைக்கிராமத்தில் மிளகு பறிப்பவரிடம் ஏது ஈமெயில்? கடையின் ஈமெயிலையே எல்லாப் போனுக்கும் போட்டுவிடுவார். யாருக்கும் தொந்தரவில்லை. அதில் ஒரு தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கடை திறந்ததும் அவர் போன் விடாமல் சிணுங்கியது. போன் கம்பெனியிலிருந்து ஈமெயில்மேல் ஈமெயில், எல்லாம் ஒரே கடிதம். அவர் அதிகம் விற்ற மாடலின் சிப்பில் பாதுகாப்புக் குறை இருக்கிறதாம். போன் கையில் கிடைத்தவன் கேபிளை மாட்டி, லாக்கை உடைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுக்கலாம், அழிக்கலாம். குறை சிப்பிலேயே பதிந்திருப்பதால் அப்டேட் போட்டுச் சரிசெய்ய முடியாது. போனைப் பிறர் கையில் தராதீர்கள். முடிந்தால் புது மாடலுக்கு மாறுங்கள்.

கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"மாத்திக் குடுப்பீங்களா, மேடம்?"

"சிப் நாங்க தயாரிக்கலை சார். அது வேற கம்பெனி."

"போன் மேல உங்க பேருதானுங்களே போட்டிருக்குது?"

"வாடிக்கையாளர் எல்லாருக்கும் தகவல் அனுப்பிட்டோம் சார்."

"யாருக்கு அனுப்புனீங்க?"

"பதிவு பண்ணின ஈமெயிலுக்கு."

தௌபீக் போனை வைத்தார். கம்பெனி கணக்கில் இந்த மலை முழுவதற்கும் ஒரே வாடிக்கையாளர், அவர்தான். அவர்கள் கையைக் கழுவிவிட்டார்கள். கழுவிய தண்ணீர் அவர் தலையில் விழுந்திருந்தது.

விஷயத்தைக் கேட்ட மனைவி ஆசியா பதறினாள். "ஏனுங்க, வாயத் தொறந்தீங்கன்னா அத்தன போனும் கடைக்குத் திரும்பி வரும். கம்பெனிக்காரன் வாங்க மாட்டான். நம்ம எங்க போறது?"

அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் இறங்குகிறவர்களின் கையைப் பார்த்தார். தன் நம்பர் ஒட்டிய போன் கண்ணில் பட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் எதையோ தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார்.

அப்படிக் குனிந்திருந்த ஒரு மாலையில்தான் சாரா வந்தாள். காப்பி எஸ்டேட்டில் பழம் பறிப்பவள். கையில் அவர் விற்ற போன்.

"என்ன பாய், ஒளிஞ்சு வெளயாடறீங்களா?"

"இல்லீங்க்கா, ஸ்க்ரூ ஒண்ணு வுழுந்துருச்சு."

"உங்களுதுதான் எப்பவோ கழண்டுருச்சே" என்று சிரித்தாள். உடனே குரலைத் தாழ்த்தினாள். "எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் மேக்ஸ்வெல், வேலை முடிஞ்சு வர்றப்ப எங்கிட்ட அசிங்கமாப் பேசுனதை இதுல பதிஞ்சு வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம மொதலாளி வர்றாரு. அவருகிட்ட போட்டுக் காட்டோணும். அதுவரைக்கும் தெனமும் வேலை நேரத்துல எங்க போனையெல்லாம் வாங்கி ரைட்டர் ஆபீஸ் டப்பாவுலதான் போட்டு வெப்பாங்க. அந்தாளு மோப்பம் புடிச்சிட்டானாட்ட இருக்குது. லாக் போட்டிருக்கேன். யாரும் தொறக்க முடியாதுதானுங்களே? நீங்கதான் சொன்னீங்க."

'ஆமாங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் கடை தப்பிக்கும்.

"தொறக்கலாமுங்க்கா" என்றார் தௌபீக்.

கடிதத்தில் இருந்ததை அப்படியே சொன்னார். சாரா போனைத் திருப்பி அந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரமே."

"போன வாரம் பூரா இது அவன் டப்பாவுலதான் கெடந்துச்சு, பாய்."

தௌபீக் போனை வாங்கி அந்தப் பதிவைத் தேடினார். அழியாமல் இருந்தது. ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"எங்க லைன் வீடுகள்ல எல்லாருமே உங்ககிட்டத்தான் வாங்கியிருக்கறாங்க. நான் சொல்லாம இருக்க முடியாதுங்க."

"சொல்லுங்க" என்றார்.

சேதி இரவோடு இரவாகப் பரவிவிட்டது. மறுநாள் காலை மாரமங்கலம் பஸ் நின்றதும் பாதிக் கூட்டம் நேராகக் கடைக்கு வந்தது. எஸ்டேட் ஆட்கள் முன்பே வந்து நின்றிருந்தார்கள். தௌபீக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினார். கண்ணாடிப் பெட்டி மேல் போன்கள் குப்புறக் கிடந்தன. எல்லாவற்றின் முதுகிலும் அவர் நம்பர்.

"எங்களுக்கு ஏனுங்க இந்தக் கடுதாசி வரல?" என்றார் மிளகு வியாபாரி டோமினிக்.

"எனக்குத்தானுங்க வந்துச்சு. எல்லாருக்கும் என் ஈமெயிலத்தான் குடுத்து வெச்சிருந்தேன்."

"அப்ப நாங்கெல்லாம் ஆரு? உம்ம பினாமியா?"

யாரோ சிரித்தார்கள். தௌபீக்குக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். பாட்டு ஓடியது. காத்திருங்கள் என்றது ஒரு குரல். மறுபடி அதே பாட்டு.

"நாங்களும் பேசறமுங்க பாய். அவன் எடுக்கட்டும்" என்றார் டோமினிக்.

"எடுக்க நேரமாகுமுங்க."

"ஆகட்டும். எங்க உக்கார்றது?"

தௌபீக் இருந்த ஒரே ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டார். மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்குப் பின்னால், வெளியே வர வழியில்லாமல் அவரும் நின்றார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.