மஞ்சள் கரு மாத்திரை

நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. நாமக்கல் பண்ணையொன்றில் முட்டை வாங்கப் போனபோதுதான், அங்கே முட்டை தரம் பிரிக்கும் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, வீங்கிய முழங்கால். இரண்டு முட்டைகளைக் காதருகே மெல்லத் தட்டியே எதில் கீறல் என்று பிரித்துவிடுவார்.

முழங்காலைக் கண்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பையிலிருந்த மூட்டுவலி மாத்திரைகளை நீட்டினேன்.

"மஞ்சக்கருல இருக்கற கொழுப்புதாங்க இது. வலிய அடக்க நம்ம உடம்புலயே ஊறற மருந்த ஒரு என்சைம் தின்னுருது. அந்த என்சைம இது தடுத்துருமுங்க."

இரண்டு மாத்திரைகளைக் காதருகே தட்டிக் கேட்டார். திருப்பிக் கொடுத்தார்.

"ஏனுங்க, அத்தனை மஞ்சக்கருவயும் வயித்துல வெச்சிருக்கற கோழியே கூண்டுல நொண்டிக்கிட்டு நிக்குதுங்களே?"

இதே வசனத்தை எத்தனையோ டாக்டர்களிடம் ஒப்பித்திருக்கிறேன். ஒருவர்கூடக் கோழியைப் பற்றிக் கேட்டதில்லை.