ஆளில்லாத இடம் என்று நான் சொன்ன வடக்கு

குடியுரிமைச் சோதனைக்கு நான் படித்தது வேலைத்தளத்துச் சாப்பாட்டு மேசையில்தான். கனடாவின் தூர வடக்கிலிருந்து மொன்ட்ரியாலுக்குச் சிகிச்சைக்கு வரும் இனுவிட் பழங்குடி மக்கள் தங்கும் விடுதி ஒன்றில் அப்போது சமையலறை வேலை செய்தேன். மத்தியானப் பாத்திரங்களைக் கழுவி முடித்தால் அரை மணி ஓய்வு. அந்த நேரத்தில் ஒரு பெண் வந்து எதிரே உட்காருவார். புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை எடுக்க வந்தவர். என்னைவிட ஓரிரு வயது மூத்தவராக இருப்பார். நான் தேநீர் ஊற்றிக் கொடுப்பேன், அவர் என் புத்தகத்தைப் பிரித்துக் கேள்வி கேட்பார். இருவருக்குமே ஆங்கிலம் அரைகுறை. அதனால் கூச்சம் இருக்கவில்லை.

ஒருநாள், வடக்கு எப்படிக் கனடாவுக்குச் சொந்தமானது என்று கேட்டார். எனக்கு அது மனப்பாடம்.

"கம்பனி ஒண்டிட்ட இருந்த நிலத்தைக் கனடா எடுத்தது. பேந்து ஆர்க்டிக் தீவுகளை பிரித்தானியா குடுத்தது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "சும்மா கிடந்த இடம்தானே, ஆக்கள் ஒருத்தரும் இல்லை" என்றும் சொன்னேன். புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அது நானாகச் சேர்த்தது.

அவர் புத்தகத்தை மூடி வைத்தார்.

"நான் அங்கதான் பிறந்தனான்" என்றார்.

அவருடைய பெற்றோர் வடகியூபெக்கில் இருந்தவர்கள். பொலிஸ்காரர் வந்து, தூரத்துத் தீவில் வேட்டை நன்றாகக் கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று சொல்லிக் கப்பலில் ஏற்றினார்களாம். இறக்கிய இடத்தில் மாதக்கணக்கில் சூரியனே இல்லை. முதல் குளிர்காலம் முழுக்கக் கூடாரத்தில். திரும்ப வேண்டும் என்று அவருடைய தகப்பன் கேட்டுக்கொண்டே இருந்து, அங்கேயே செத்துப்போனார். வேறு நாடு எதுவும் அந்தத் தீவுகளைக் கேட்டுவிடக் கூடாது, கனடாக்காரர் அங்கே வாழ்கிறார்கள் என்று காட்ட வேண்டும், அதற்குத்தான் கொண்டுபோனார்கள் என்றார். "கொடி நட்டமாதிரி எங்கட சனத்தை நட்டவை."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "உங்கட நல்லதுக்கெண்டுதானே செய்திருப்பினம்" என்றேன்.

அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

வீடு இருந்த நோத்ர-டாம்-த-கிரேஸுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. மன்னாரில் எங்கள் கரையோரக் கிராமத்தைக் கடற்படை எடுத்தபோது, கொஞ்ச நாளில் திரும்பி வரலாம் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். அந்த வருடம் கொழும்பில் நான் இருந்த வீட்டுக்காரர், "உங்கட நல்லதுக்குத்தானே பிள்ளை" என்றார். அந்த மனிதரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அவருடைய அதே சொற்களை, அதே தொனியில், வேறொருத்தியின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

அதன்பிறகு அவர் மேசைக்கு வரவில்லை. நானும் அவருடைய அறைப் பக்கம் போகவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். சோதனையில் முழுப் புள்ளி. கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம், "இவ ஒரு பிழையும் விடேல்லை" என்று கணவர் சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கு நிலத்தைப் பார்ப்பதைத் தவிர வழியிருக்கவில்லை.

அவர் ஊருக்குப் புறப்படும் நாளில்தான் கதவைத் தட்டினேன். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது.

"அண்டைக்கு நான் கதைச்சது பிழை. என்னை மன்னிக்க வேணும்."

அவர் உடுப்பை மடிப்பதை நிறுத்தவில்லை. "அரசாங்கமும் எங்களிட்ட மன்னிப்புக் கேட்டது" என்றார். "அப்ப அம்மா உயிரோட இல்லை."

பெட்டியின் சிப் மூட மறுத்தது. நான் முழங்காலால் மூடியை அமத்திப் பிடிக்க, அவர் இழுத்துப் பூட்டினார். பிறகு என்னைப் பார்த்து நன்றி சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.