நீடாமங்கலம் தாண்டியாச்சு

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் காலை பாசஞ்சரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வண்டியின் மேல் எனக்கு இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவி ஒன்பது வருஷம் அதில் போய்வந்தவள். வீடு தஞ்சாவூர், வேலை நாகப்பட்டினத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில். போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். நான் டெல்லியில் பிறந்து, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்து, அப்பாவைப் போலவே குமாஸ்தாவாகி, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவன். கணவன் வேலை பார்க்கும் ஊருக்கு என்று மாற்றல் வாங்கிக்கொண்டு அவள் இங்கே வந்து பத்து வருஷம் ஆகிறது.

வந்தாளே தவிர, அந்த வண்டியை விட்டு இறங்கவில்லை. ‘சீசன்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. சீசன் டிக்கெட்டில் தினமும் ஒரே பெட்டியில் போய்வரும் ஐந்து பேரும் இவளும். தாசில்தார் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர்தான் அதற்குத் தலைவர். இவள் அவரை அண்ணன் என்பாள். வண்டி கிளம்புவதற்கு அரை மணி முன்னதாகவே தஞ்சாவூர் ஸ்டேஷனுக்குப் போய், எதிரெதிர் பெஞ்சில் கர்சீப்புகளைப் போட்டு இடம் பிடித்துவிடுவாராம். யார் எந்த இடம் என்பது என்றைக்கும் மாறாதாம். அந்தப் புண்ணியவான்தான் ஒவ்வொரு ஸ்டேஷனாகச் செய்தி போடுவார். ‘சாலியமங்கலம்.’ ‘அம்மாப்பேட்டை.’ ‘நீடாமங்கலம் தாண்டியாச்சு.’

எங்கள் வீட்டுச் சுவரில் கடிகாரம் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. கோவில்வெண்ணி வந்தால் மகள் ஷூ மாட்ட வேண்டும். நீடாமங்கலம் தாண்டினால் பஸ்ஸுக்குக் கீழே இறங்க வேண்டும். கொரடாச்சேரிக்குள் நான் குளித்து முடித்திருக்க வேண்டும். “கொரடாச்சேரி வந்துடுச்சு, இன்னும் துண்டோட நிக்கிறீங்களே!” என்று சமையலறையிலிருந்து குரல் வரும். கொரடாச்சேரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒருநாள் ஏதோ ஒரு சரக்கு வண்டிக்காக அந்த பாசஞ்சரை நீடாமங்கலத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். செய்தி வரவில்லை. இவள் நிதானமாகத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பஸ்ஸை விட்டாள். அவளை ஆட்டோவில் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டுவிட்டு நான் ஆபீஸில் வருகைப் பதிவுக்கு விரலை வைக்கும்போது அரை நாள் லீவு போய்விட்டது. மேலதிகாரியிடம் என்ன சொல்வது? மெட்ரோ லேட் என்று பொய் சொன்னேன்.

இதையெல்லாம் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். ஆனால் புதன்கிழமை எலுமிச்சை சாதத்தைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. புதன்கிழமைதோறும் எனக்கு டப்பாவில் எலுமிச்சை சாதம் வரும். எனக்குப் பிடிக்கும் என்பதால்தான் செய்கிறாள் என்று வருஷக்கணக்கில் நம்பி, ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டு சாப்பிட்டேன். பெட்டியில் ஆளுக்கு ஒரு நாள் எல்லோருக்கும் சாப்பிடக் கொண்டுவருவது வழக்கமாம், இவளுடைய முறை அன்றும் இன்றும் புதனாம். குழுவில் அவள் போட்டிருந்த சாதத்தின் படத்தைப் பார்த்த அன்றுதான் தெரிந்துகொண்டேன். அன்று டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். வயிறு சரியில்லை என்றேன்.

படத்தை எப்படிப் பார்த்தேன் என்று கேட்பீர்கள். அவள் குளிக்கப் போகும் நேரத்தில் போனை எடுத்துப் பார்ப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்ப்பேன். அந்தக் கூட்டத்தில் ஆண்கள் இருக்கிறார்களே என்ற சந்தேகமெல்லாம் இல்லை. அதில் இரண்டு பேருக்கு ரிடயராகும் வயது. எனக்கிருந்த ஆற்றாமை வேறு. பல வருஷமாக ஒரே மெட்ரோவில் போகிறேன். பக்கத்தில் நிற்பவன் யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை. இவளுக்கு மட்டும் ஐந்து பேர் வாய்த்திருக்கிறார்கள்.

பயமும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்துக்கே மாற்றல் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தாள். “நீங்களும் திருச்சி பக்கம் கேட்டுப் பாருங்களேன்” என்றாள். என்னுடையது டெல்லியை விட்டு நகராத வேலை, அது அவளுக்கும் தெரியும். இரண்டு வாரம் வீட்டில் பேச்சில்லை. கடைசியில், “கொடுத்தது கொடுத்ததுதான். அதெல்லாம் லேசுல கிடைக்காது, விடுங்க” என்றாள். அவள் விட்டுவிட்டாள், நான் விடவில்லை. ஆர்டர் வந்தால் மகளையும் அழைத்துக்கொண்டு போய்விடுவாள், நான் இந்த இரண்டு அறையில் தனியாகக் கிடக்க வேண்டியதுதான். குழுவில் ‘டிரான்ஸ்பர்’ என்ற சொல் வருகிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். வரவில்லை. குரல் செய்திகள் நிறைய இருந்தன. குளியலறை வரை சத்தம் கேட்கும் என்று அவற்றைத் திறக்கவில்லை.

இந்த ஜனவரியில் அந்த ஐந்து பேரும் டெல்லிக்குச் சுற்றுலா வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். காலையில் மலை மந்திருக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு குரங்குக் குல்லாவோடு நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். இவள் வாசலுக்கு ஓடிய ஓட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

எங்கள் கூடத்தில் மூன்று பேர் உட்காரும் சோபாவும் அதற்கு எதிரே ஒரு திவான் கட்டிலும் உண்டு. வந்தவர்கள் யாரும் எங்கே உட்காரட்டும் என்று கேட்கவில்லை. அண்ணன் சோபாவின் ஓரத்தில், அவருக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர், அடுத்து ஒரு நர்ஸ். எதிரே திவானில் மற்ற இருவர். ஜன்னல் பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. அது என் இடம். பத்து வருஷமாக நான் பேப்பர் படிக்கிற இடம். இவள் காபித் தட்டைக் கொடுத்து முடித்துவிட்டு நேராக அங்கே போய் உட்கார்ந்தாள். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. ரயிலில் உட்காரும் அதே வரிசை என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கதவோரம் போட்டுக்கொண்டேன். சொந்த வீட்டில் டிக்கெட் இல்லாமல் ஏறியவன் மாதிரி இருந்தது. அவர்கள் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். கீவளூரில் முறுக்கு விற்பவரின் மகளுக்குக் கல்யாணமாம். சிக்கலில் புதிதாக ஏறும் ஒருத்தி இவளுடைய ஜன்னல் இடத்தைக் கேட்டாளாம், அண்ணன் கொடுக்கவில்லையாம். இவள் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னிடம் அவள் சிரித்ததில்லை. “ஜல்தி சாப்பாடு எடுத்து வையேன், அவங்களுக்கு நேரமாகுதில்ல” என்றேன். யாருக்கும் நேரமாகவில்லை.

சாப்பிட்டு முடித்து டாக்சிக்காகக் கீழே நிற்கும்போது அண்ணன் என் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனார்.

“சார், ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் தங்கச்சிக்கு நாகப்பட்டினத்துக்கே ஆர்டர் வந்துடுச்சுன்னதும் நாங்க பெட்டி முழுக்க இனிப்பு குடுத்துட்டோம். அப்புறம் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்னு சொன்னப்ப எல்லாருக்கும் ஒரு மாதிரியா போச்சு. ஆனா உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல சார். அதைச் சொல்லிட்டுப் போகணும்னுதான்.”

“அச்சா” என்றேன். “ஆமாமா. தெரியும்.”

டாக்சி வந்தது. ஐந்து பேரும் ஏறினார்கள். நான் கையாட்டினேன்.

மாடிப்படி ஏறும்போது என் மனதில் என்ன இருந்திருக்க வேண்டும்? அவள் போகப்போவதில்லை. மூன்று வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது நடக்கவே போவதில்லை. துள்ளியிருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் கீழே விளையாடப் போயிருந்தாள்.

“எப்ப சொன்ன அவங்ககிட்ட?” என்றேன்.

“எதை?”

“ஆர்டர் வந்ததை. வேணாம்னு எழுதிக் குடுத்ததை.”

குழாயை மூடினாள். “அண்ணன் சொல்லிட்டாங்களா?”

“அந்த அஞ்சு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. கட்டின புருஷனுக்குத் தெரியாது. முதல்ல யார்கிட்ட சொன்ன? அந்த அண்ணன்கிட்டயா? குரல் செய்தியாவா போட்ட?”

குரல் செய்தி என்று வாயில் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அதற்கு ஆச்சரியப்படவே இல்லை.

“ஆர்டர் என் கையில பதினஞ்சு நாள் இருந்துச்சுங்க. அந்தப் பதினஞ்சு நாளும் நான் குளிக்கப் போனப்பல்லாம் நீங்க போனை எடுத்துப் பாத்தீங்க. வச்ச இடத்துல திரும்ப வைக்கக்கூட உங்களுக்குத் தெரியல. வெளிய வந்த என் மூஞ்சிய ஒரு நாளாவது பாத்தீங்களா?”

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“யார்கிட்ட சொன்ன, எப்ப சொன்ன, எதுல சொன்ன. எல்லாம் கேட்டீங்க. ஏன் வேணாம்னு எழுதினேன்னு கேக்கணும்னு தோணலை பாருங்க.”

“ஏன் எழுதின?” என்றேன்.

“இப்ப நான் எடுத்துக் குடுத்த பிறகு கேக்குறீங்க” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

அவளுடைய காரணமும் அந்த ஐந்து பேருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இன்னும் தெரியாது.