டேனரிக் குடை

சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஈரத்தோலும் கலந்த அந்த நாற்றம், சாயங்காலம் பாலாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பியதும் ஆம்பூர்த் தெருக்களுக்குள் நுழையும். காற்றில் வரும் அது ஊரில் பிறந்த எங்கள் மூக்குக்கு அவ்வளவாக உறைக்காது, வெளியூர்க்காரர்களோ ரயிலை விட்டு இறங்கும்போதே கைக்குட்டையைத் தேடுவார்கள். என் அம்மா எஸ்தர் வெளியூர்க்காரி.

அப்பாவும் வெளியூர்தான். தென் திருவிதாங்கூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் 'டேனரி'யில் கணக்கராகச் சேர்ந்து, ஊருக்கெல்லாம் 'கணக்கு ஐயா' ஆனவர். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுக்காமலே சோறு பொங்கினாளாம்; பொங்கிய சோறு தொண்டையில் இறங்காமல், "என்னை எங்க அம்மைகிட்ட கொண்டு விட்டிருங்க" என்று அழுதாளாம். "டேனரி நம்ம வாசப்படி ஏறாது, எஸ்தரு" என்று அப்பா அன்றைக்கு வாக்குக் கொடுத்தார்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டை ஊரே வேடிக்கை பார்த்தது. வேலை முடிந்ததும் நேராக ஆற்றுக்குப் போவார். மணலில் கையாலேயே 'ஊத்து' தோண்டி, ஊறும் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மொண்டு, தோல் உரிந்துவிடுமோ என்று பயப்படும்படி சோப்புப் போட்டுக் குளிப்பார். வண்ணார் வீட்டில் கொடுத்து வைத்திருக்கும் வெள்ளை வேட்டி சட்டையை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு முழம் மல்லிகையோடு வீட்டுக்கு வருவார். எதிரே வரும் தொழிலாளிகள் சும்மா விடமாட்டார்கள். "இன்னா கணக்கு ஐயா, இன்னைக்கும் மாப்ள கோலமா?" என்பார்கள். "எனக்கு தெனமும் கல்யாணந்தாம்டே" என்று சிரித்துக்கொண்டே போவார்.

எல்லாவற்றையும் மாற்றியவர் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். வட ஆற்காட்டு வெயிலுக்குப் பிடித்துப் போகும் கறுப்புக் குடை, பகலெல்லாம் டேனரியில் பட்டைக் கிடங்கின் ஆணியில் தொங்கிவிட்டு, சாயங்காலம் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து தொங்கும். கண்ணாமூச்சி விளையாட்டில் நான் அங்கே ஒளிந்தால் டேனரிக்குள்ளேயே நிற்பது போலிருக்கும். அம்மாவுக்கும் தெரியும். அந்த வாசம் பழகிப்போன அப்பாவின் மூக்குக்கு மட்டும்தான் தெரியாது. பாவம், இவ்வளவு பாடுபடுகிற மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது என்று அம்மா வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பத்து வயதானபோது மெட்ராஸில் ஒரு காகிதக் கடையில் கணக்கர் வேலை காலியாக இருப்பதாகத் தகவல் வந்தது. "அங்க கடல் காத்து, எஸ்தரு. ஒரு நாத்தமும் கெடையாது" என்றார் அப்பா. அம்மா, "உங்க இஷ்டம்" என்றாள். என் பள்ளிக்கூடம், என் தோஸ்துகள், மணலில் வீடு கட்டும் எங்கள் ஆறு, எல்லாவற்றையும் விட்டுப் போக வேண்டுமே! அந்த வேலை பிடிக்கிறதா என்று பதினைந்து நாள் இருந்து பார்த்துவர அப்பா ரயிலேறினார். குடையை வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே விட்டுப் போயிருந்தார்.

அந்தப் பதினைந்து நாளில் ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து சாப்பிட வந்தால், நடுக்கூடத்தில் குடையை விரித்து, அதன் கீழே உட்கார்ந்து அம்மா துணி தைத்துக்கொண்டிருந்தாள். அதே நேரம் கொல்லைப்பக்கமாக வந்த அடுத்த வீட்டு ஜுலேகாம்மா, "இன்னா எஸ்தரு, ஊட்டுக்குள்ளயா மழை பெய்யுது?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "பூச்சி அரிச்சிருக்காண்ணு பாக்கேன்" என்று சமாளித்தாள். பூச்சி பார்க்கிறவள் குடைத் துணியில் மூக்கை வைத்துக்கொண்டா பார்ப்பாள்?

அப்பா திரும்பி வந்தார். உடம்பில் சோப்பு வாசம் தவிர வேறொன்றும் இல்லை. கையில் வெள்ளிப்பூண் போட்ட புத்தம் புதுக் குடை. "வேல பிடிச்சிருக்கு, பதில் மட்டும் எழுதிப் போடணும். அந்தப் பழசை வண்ணாருக்குக் கொடுத்திரு" என்றார்.

அம்மா கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். "அதைக் கொடுக்கவா? எனக்கு மெட்ராசும் வேண்டாம், கடலும் வேண்டாம். பன்னிரண்டு வருசமா டேனரியவே கொண்டு வந்து கதவுக்குப் பொறத்தால தொங்கவிடுதிய. இப்பம் அந்த வாடை இல்லேண்ணா எனக்கு வீடு வீடா இருக்காது."

அப்பா குடையை எடுத்து முன்னும் பின்னும் முகர்ந்தார். "இதுலயா? ஒண்ணும் இல்லியே!" என்றார். ஜுலேகாம்மாவைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியபிறகுதான் அப்பா சட்டென்று உட்கார்ந்தார். "அப்பம் நான் தெனமும் குளிச்சதெல்லாம் வீணா?" அம்மா பதறிப்போய், "குளிக்கத நிறுத்திராதிய" என்றாள். அவர் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டிருக்கும். சிரித்து ஓய்ந்தபிறகு, "எனக்கும் போக மனசில்ல எஸ்தரு. ஒனக்காகத்தான் பாத்தேன்" என்றார். நான் சந்தோஷத்தில் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். வெள்ளிப்பூண் குடை வண்ணாருக்குப் போனது. அதன்பின் வண்ணார் வெயில் இல்லாத நாளிலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. ஆற்று மணலில் கையால் தோண்டினால் தண்ணீர் வருவதில்லை. ஆவாரம்பட்டை போய் ரசாயனம் வந்தபின் ஊரின் வாடையே வேறாகிவிட்டது. துணி நைந்து கம்பி துருத்திய அந்தக் குடை மட்டும் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கண்ணை மூடும்வரை அப்பா அதில் ஒரு வாடையும் இல்லை என்றே சாதித்தார். நேற்று அதை எடுத்து நெடுநேரம் முகர்ந்து பார்த்தேன். அப்பா சொன்னதுதான் இப்போது சரி.