பிறின்சி மிஸ்ஸின் பலூன் பாடம்

வகுப்புக்கு முன்னால் பிறின்சி தனக்கே ஒருமுறை பாடம் நடத்திக்கொள்வார். டார்னெய்ட் புறநகர் வீட்டுக் குசினி மேடையில் மடிக்கணினி. அதன் எதிரே போத்தலில் வினாகிரி, பலூனுக்குள் ஒரு கரண்டி அப்பச்சோடா. பலூனைப் போத்தல் வாயில் மாட்டி நிமிர்த்தினால் சோடா உள்ளே கொட்டும், நுரை பொங்கும், பலூன் உப்பும். அதோடு அவர் முகமும் மலரும். கணவர் டெனிஸ் அந்த நேரத்தில் தேத்தண்ணி கேட்கப் பயப்படுவார்.

மன்னாரில் இரசாயனம் படிப்பித்தவர். புலம்பெயர்ந்து வந்த இங்கே, தாதியர் படிப்பில் சேர விரும்பும் பெரியவர்களுக்கு ஒரு கல்லூரியின் இணைய வகுப்பை எடுக்கிறார். வேலை முடிந்த களைப்போடு சேர்பவர்கள் கமெராவைத் திறக்கமாட்டார்கள். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பெயர். அவற்றைப் பார்த்துச் சிரித்து, கேள்வி கேட்டு, பதிலையும் தானே சொல்லிக்கொள்ளும் பிறின்சியைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஆனால் சளைக்கிற ஆள் இல்லை. திராட்சையைப் பல்லுக்குத்தியில் குத்தி மூலக்கூறு செய்து காட்டினார். வினாடி வினா வைத்தார். ஒருநாள் சருவச்சட்டியைத் தலையில் கவிழ்த்து விஞ்ஞானி வேடம்கூடப் போட்டார். ஒரு கட்டமும் அசையவில்லை. "சுவரோட கதைச்சாலும் எதிரொலியாவது வரும்," என்று டெனிஸிடம் அலுத்துக்கொண்டு, அடுத்த சோதனைக்குச் சாமான் வாங்கப் போவார்.

போன மாதம் பாடப் பொறுப்பாளர் ஹரிப்பிரியா அழைத்தார். மாணவர்கள் வாயே திறக்காத நேரடி வகுப்பு எதற்கு, பதிவுசெய்த வீடியோவைப் போட்டுவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சாம். அடுத்த வகுப்பைத் தானும் பார்க்க வருவதாகச் சொன்னார். பிறின்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"வேலை போனாப் போகட்டும் டெனிஸ். அவைக்கு விளங்காட்டி ஆரைக் கேக்கிறது? வீடியோவையோ?"

ஹரிப்பிரியா வரவிருந்த செவ்வாய்க்கிழமையும் ஒத்திகை பிசகாமல் நடந்தது. அதிலேயே ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்த அப்பச்சோடா தீர்ந்துபோக, அவசரத்தில் அலுமாரியிலிருந்த அடுத்த பெட்டியிலிருந்து அள்ளினார். நம்மவர் வீட்டு ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீமைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும் என்பது தெரிந்த கதைதான்.

வகுப்பில் பலூனை நிமிர்த்தினார். வெள்ளைத் தூள் கொட்டியது. நுரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பலூன் துவண்டு தொங்கியது. கட்டங்களுக்கு நடுவே ஹரிப்பிரியாவின் பெயரும் இருந்தது. பிறின்சி போத்தலை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாத மாணவர் டெஸ்மன்ட், பரமட்டா ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபடி, பலூனில் ஓட்டை இருக்குமோ என்று கேட்டார். ஓட்டை என்றாலும் நுரை வந்திருக்க வேண்டுமே என்று மறித்தார் லக்சிகா. வினாகிரி பழசு என்றார் இன்னொருவர். எல்லோரும் பொறுங்கள், நான் செய்து பார்க்கிறேன் என்று பேர்ள் கமெராவைத் திறந்துவைத்துவிட்டுத் தன் குசினிக்குள் ஓடினார். டின்களை உருட்டும் சத்தம் கேட்டது. அதைப் பார்க்க மற்றவர்களும் ஒவ்வொருவராக முகம் காட்டினார்கள். வேலைச் சட்டை மாற்றாதவர்கள், பாதிச் சாப்பாட்டில் இருந்தவர்கள். இத்தனை நாள் பெயர்களாக இருந்தவர்களைப் பிறின்சி முதன்முதலாகப் பார்த்தார்.

பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த தூளைத் தொட்டு நாக்கில் வைத்தார். அரிசிமா.

சொல்ல வாயெடுத்தார். திரையில் டெஸ்மன்டும் லக்சிகாவும் ஒருவரை ஒருவர் விடாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பிறின்சி பெட்டியை மெல்ல மூடி, கமெராவில் படாமல் மேடைக்குக் கீழே வைத்தார். பிறகு தன்னுடைய மைக்கை அணைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.