கையைப் பின்னால் கட்டிக்கொண்ட அக்கா

அக்கா மறைந்த ஓராண்டு நிறைவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அவரிடம் படித்த பிள்ளைகளுக்கும் வணக்கம். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எட்டாவதோடு நின்று லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போனவன். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மோகனூர்ப் பக்கம், ஆற்றங்கரையோரத் தோட்டத்தில். கலியாணமாகிப் பள்ளிபாளையம் போனார். மாமா தறி ஓட்டினார். சில வருடங்களில் காய்ச்சல் வந்து மாமா தவறிவிட்டார். பிள்ளை இல்லை. அக்கா ஊருக்குத் திரும்பினார். வெகுநாள் யாரோடும் பேசவில்லை. ஒருநாள் பேசினார்.

"தம்பி, நான் மெட்ராஸ் போயி மாண்டிசோரி படிக்கோணும்."

"அதென்னக்கா?"

"சின்னப் புள்ளைகளப் பாத்துக்கற படிப்பு."

"அதுக்கு எதுக்கு மெட்ராசு? நம்மூர்ல சொல்லிக் குடுத்தாப் பத்தாதா?"

"சொல்லிக் குடுக்காம இருக்கறதுக்குத்தான்டா படிக்கோணும்."

எனக்குப் புரியவில்லை. பஸ் ஏற்றிவிட்டேன்.

படித்து வந்ததும், பெரியப்பாவின் கடலைக்காய் போடும் கொட்டாயில் பள்ளி தொடங்கினார். எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா இல்லாத எங்களுக்குப் பெரியப்பாதான் எல்லாம். தன் பேத்தி சரசுவையே முதல் பிள்ளையாக அனுப்பினார்.

பள்ளிக்கு மரக்கட்டைகள் நான் செய்து கொடுத்தேன். பெரிதிலிருந்து சிறிதுவரை பத்துக் கட்டை. ரோஸ் வர்ணம் அடிக்கச் சொல்லியிருந்தார். எங்கள் பட்டறை பெயிண்டருக்கு வெறும் வர்ணத்தோடு விட மனம் வரவில்லை. கட்டைக்குக் கட்டை தாமரையும் மயிலும் போட்டுவிட்டார். அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார், சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். மாமா போன பிறகு அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்துப் பார்த்தேன். "புள்ளைக மயிலத்தான் பாக்கும், பெருசு சிறுசப் பாக்காது" என்று திருப்பி அனுப்பினார். மயிலை அழித்து மறுபடி ரோஸ் அடித்தோம். பெயிண்டருக்குத்தான் வருத்தம்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் சிலேட்டைத் தொடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றினார்கள், கூட்டினார்கள், டம்ளர் கழுவினார்கள், பொத்தான் போட்டார்கள். ஒரு பிள்ளை பொத்தானோடு மல்லுக்கட்டினால் அக்கா ஓடிப்போய்ப் போட்டுவிட மாட்டார். தன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. பண்ணையத்துக்காரர் வீட்டுப் பிள்ளை விளக்குமாறு எடுப்பதா என்று பேச்சு. பெரியப்பாவே வந்துவிட்டார்.

"ஏம் புள்ள, கூட்டறதுக்கும் களுவறதுக்குமா எம் பேத்திய அனுப்புனேன்? அதுக்கு எங்கூட்ல ஆளில்லியா?"

"அது படிப்புங்க பெரீப்பா."

"என்ன படிப்போ. பேரன் காதுகுத்து முடியட்டும். கொட்டாயக் காலி பண்ணிக் குடுத்துரு, சாமி."

அக்கா சரிங்க என்றார். அந்தக் கொட்டாயை விட்டால் அவருக்கு வேறு எதுவும் இல்லை.

காதுகுத்து வந்தது. சரசுவின் தம்பிக்கு. குலதெய்வம் கோயிலில் பந்தி நடந்தது. பெரியப்பா நடுப்பந்தியில் உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லாமலே சரசு தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு டம்ளராக ஊற்றினாள். பெரியப்பாவின் டம்ளரில் இடித்து, தண்ணீர் இலை ஓரமெல்லாம் ஓடிவிட்டது. அவள் அம்மா கை ஓங்கிக்கொண்டு எழுந்தார்.

"உடு சாமி, ஆள் வந்து தொடைக்கும்" என்றார் பெரியப்பா.

சரசு அழவில்லை. தாத்தாவைப் பார்த்தாள். "நாஞ் சிந்துனதுங்க அப்பாரு. நானே தொடச்சுக்கறேன்."

போய்த் துணி எடுத்து வந்தாள். ஓரத்திலிருந்து உள்ளே இழுத்துத் துடைத்தாள். பிழிந்தாள். பந்தல் கயிற்றில் காயப் போட்டாள். மறுபடி சொம்பை நிரப்பி வந்து, விட்ட டம்ளரில் ஊற்றினாள். அதுவரை பந்தியில் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை.

"மாமோவ், உங்க பெரிய பையன், இவளோட அப்பன், இப்படித் தொடைப்பானுங்களா?" என்று எதிர்ப்பந்தியில் ஒருவர் கேட்டார்.

"அவனா? குடிச்ச டம்ளர குடிச்ச எடத்துலயே உட்டுட்டுப் போறவன்" என்றார் பெரியப்பா. பந்தியே சிரித்தது.

கை கழுவியதும் நேரே அக்காவிடம் வந்தார். அக்கா பந்தலின் கடைசியில், பாத்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஏம் புள்ள, எம் பெரியவனச் சேத்திக்குவியா?"

"அஞ்சு வயசுக்கு மேல சேத்தறதில்லீங்க பெரீப்பா."

கொட்டாயைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை. மறுவாரம் கொத்தனாரைக் கூட்டிவந்து, பிள்ளைகள் இடுப்புயரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தார். அந்தத் தொட்டி இன்றும் இருக்கிறது. நானும் அதில் குனிந்துதான் கை கழுவுகிறேன்.

அக்காவின் கடைசி நாட்கள் நாமக்கல் ஆஸ்பத்திரியில். கை நடுக்கம். ஒருநாள் டம்ளரைத் தானே எடுத்தார். பாதி மேலே சிந்தியது. நான் பிடிக்கப் போனேன். அக்கா என்னைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மீதியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், காரியத்தில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், பட்டறைக்காரர்களுக்கும் நன்றி. கொட்டாயில் பிள்ளைகளை இப்போது பார்த்துக்கொள்ளும் சரசுவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இன்றைய பந்தியில் தண்ணீர் ஊற்றுவது பள்ளிப் பிள்ளைகள். இலையில் சிந்தினால் யாரும் எழ வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள். அவர்களே துடைத்துவிடுவார்கள்.